கொல்லிமலைக் கால்வழியும் காணிப் பங்கும்

கொல்லிமலையை நம் மாணவர்கள் சங்க நூல்களின் வாயிலாக அறிவர். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைப் போரில் கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்தான் என்ற செய்தி அகநானூற்றில் வருகிறது. ஓரிக்கு மைந்தர் இருந்தனரா, தந்தையின் மலை அவர்க்கு உரியதாகாதா என்ற பேச்சே அப்பாட்டில் இல்லை. வேந்தரின் நிலம் வாளால் கைமாறியது. குடிமக்களின் நிலம் அவ்வாறு கைமாறுவதில்லை. ஒருவர் இறக்க மற்றொருவர் பெறுவது என்ற முறையில், ஓசையின்றிக் கைமாறுகிறது. அந்த ஓசையற்ற வரலாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கொல்லிமலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இவர்களைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழே. மலையை இவர்கள் பல நாடுகளாகப் பகுத்துள்ளனர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்பன போன்று பெரக்கரை நாடும் அவற்றுள் ஒன்று. நாடு என்றதும் சோழ நாடு, பாண்டிய நாடு என்ற அளவில் நினைத்துவிட வேண்டா. சில சிற்றூர்கள், அவற்றைச் சூழ்ந்த வயலும் கொல்லையும், ஊர்ப் பெரியவர்களாகிய கவுண்டர்கள், இவ்வளவே ஒரு நாடு. அப்பெயர்களே இன்று ஊராட்சிகளுக்கும் வழங்குகின்றன.

இம்மக்களின் குடிவரலாறு ஒரு கதையில் தொடங்குகிறது. காஞ்சிபுரத்திலிருந்து உடன்பிறந்தார் மூவர் புறப்பட்டு வந்தனர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பன அவர் பெயர்கள். சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் ஆளுக்கொன்றாகக் குடியேறினர் என்பது கதை. தர்ஸ்டன் என்பார் 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய பெருநூலிலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. எந்த அண்ணனுக்கு எந்த மலை என்பதில் சொல்வார்க்குச் சொல்வார் வேறுபாடு உண்டு. தம் மலைக்கு மூத்தவனையே உரியவனாக்கிக்கொள்ள எவர்க்கும் ஆசை இருப்பது இயல்பே!

இக்கதையை வெறும் பழங்கதை என்று ஒதுக்கிவிடுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. கூர்ந்து நோக்கினால் இது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் என்பது விளங்கும். மூன்று உடன்பிறந்தார், மூன்று மலை, ஆளுக்கு ஒரு பங்கு. மலையில் பின்னாளில் நிலம் பிரிக்கப்பட்ட முறையும் இதுவே. தந்தையின் நிலம் மைந்தர் அனைவர்க்கும் சமமாகப் பிரியும். மகளுக்குப் பங்கு இல்லை. கதையின் சில வடிவங்களில், அம்மூவரும் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்று வரும். அப்பெண்களின் குலம் சொல்லப்படுகிறது. பெயர் சொல்லும் வடிவத்தை நான் கேட்டதில்லை.

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் பயின்ற மாணவர் சிலர் என் வகுப்பில் இருந்தனர். வரலாற்றுப் பாடத்தின் ஒரு பகுதியாக அவரவர் குடும்பத்தின் கொடிவழியை எழுதி வருமாறு ஒருமுறை பணித்தேன். சமவெளி மாணவரில் பெரும்பாலோர் பாட்டனோடு நின்றுவிட்டனர். மலை மாணவன் ஒருவனோ ஆறு தலைமுறை எழுதி வந்தான். ஒவ்வொரு பெயரின் அடியிலும், இன்ன வயல் இவர் பங்கில் வந்தது, இன்ன பலாமரம் இவருடையது என்ற குறிப்பும் இருந்தது. வியந்து பாராட்டினேன். பின்னர், "உன் பாட்டியின் பெயரைக் காணோமே, தம்பி?" என்றேன். அவன் சற்றுத் திகைத்து, "ஆயா என்றுதான் ஐயா கூப்பிடுவோம்" என்றான். அவன்மீது குறை இல்லை. அவன் எழுதியது கொடிவழி மட்டுமன்று, நிலக்கணக்கும் ஆகும். நிலம் பெறாதவர் பெயர் அக்கணக்கில் ஏற வழியில்லை.

குடும்ப வரலாறும் நில உரிமையும் இவ்வாறு பின்னிக் கிடப்பது நம் மலைக்கு மட்டும் உரியதன்று. ஓர் ஒப்பீட்டுக்காக, நேயர்களை வட அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு அழைத்துச் செல்கிறேன். அது ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலம். அங்கே ஒருவர் விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும். நம் ஜமீன்கள் பலவற்றிலும் மூத்தவனுக்கே பட்டம் என்ற வழக்கம் இருந்ததை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் முதற் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் இத்தகைய நிலக்கிழார் குடியில் தோன்றியவர். அவருடைய மவுண்ட் வெர்னன் என்னும் பண்ணை பொட்டோமாக் ஆற்றங்கரையில் உள்ளது. அதன் வரலாறு சுவையானது. வாஷிங்டனின் கொள்ளுப்பாட்டனாராகிய ஜான் வாஷிங்டன் 1674 ஆம் ஆண்டில் மற்றொருவரோடு கூட்டாக அங்கே 5,000 ஏக்கர் நிலம் பெற்றார். அவர் பங்கு அவர் மகனுக்குப் போயிற்று. அம்மகன் அதனைத் தம் மகள் மில்ட்ரெடுக்கு எழுதிவைத்தார். மகளுக்கு! 1726 ஆம் ஆண்டில் மில்ட்ரெட் அதனைத் தம் உடன்பிறந்தாராகிய அகஸ்டினுக்கு விற்றார். இந்த அகஸ்டினே ஜார்ஜ் வாஷிங்டனின் தந்தை. அவரிடமிருந்து அது முதல் மனைவியின் மகனாகிய லாரன்சுக்குச் சென்றது. 1743 ஆம் ஆண்டில் தந்தை இறந்தபோது பதினொரு வயதுச் சிறுவனாக இருந்த ஜார்ஜுக்குக் கிடைத்தது வேறொரு சிறிய பண்ணை.

லாரன்ஸ் 1752 ஆம் ஆண்டில் இறந்தார். அவருடைய ஒரே பெண் குழந்தையும் 1754 ஆம் ஆண்டில் இறந்தது. ஆயினும் கைம்பெண்ணாகிய ஆனுக்கு ஆயுட்காலம் வரை பண்ணையின்மேல் உரிமை இருந்தது. ஆகவே வாஷிங்டன், தம் பெயரால் பின்னாளில் உலகறிந்த அப்பண்ணையில், அண்ணியாருக்குக் குத்தகை செலுத்தியே வாழ்ந்தார். 1761 ஆம் ஆண்டில் ஆன் இறந்த பின்னரே அது அவருக்குச் சொந்தமாயிற்று. அந்த மாபெரும் மனிதரின் புகழ்பெற்ற நிலம் ஒரு மகளின் கையையும் ஒரு கைம்பெண்ணின் கையையும் கடந்தே அவரிடம் வந்தது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். அவர்கள் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் ஆவணங்களில் உரிமையாளராகப் பதிவானதே.

இதனைக் கேட்டு அந்நாட்டு முறையைப் போற்றத் தொடங்கிவிடாதீர்கள். அங்கே வயலோடு மனிதரும் சொத்தாகக் கைமாறினர். 1799 ஆம் ஆண்டில் மவுண்ட் வெர்னனில் அடிமைகளாக இருந்தோர் 300 பேருக்கும் மேல். அவர்களுள் 123 பேரே வாஷிங்டனுக்குச் சொந்தமானோர். தம் மனைவி இறந்தபின் இவர்களை விடுவிக்குமாறு அவர் எழுதிவைத்தார். எஞ்சியோரில் பெரும்பாலோர், மனைவி மார்த்தாவின் முதற்கணவர் சொத்திலிருந்து ஆயுட்காலப் பங்காக வந்தவர்கள். அவர்களை விடுவிக்க அவருக்கு உரிமை இல்லை. தாயும் தந்தையும் வெவ்வேறு பங்கைச் சேர்ந்தவராக இருந்த அடிமைக் குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்! நம் மலையில் அத்தகைய இழிவு இல்லை. மூத்தவனுக்கே எல்லாம் என்ற கொடுமையும் இல்லை. வர்ஜீனியாவில் அம்முறையை ஒழிக்கத் தாமஸ் ஜெஃபர்சன் முயன்று, 1785 ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. கொல்லிமலை உடன்பிறந்தார்க்கு அச்சட்டம் தேவைப்பட்டதே இல்லை.

ஆனால் சமபங்கிற்கும் ஓர் இடர் உண்டு. ஒன்பது ஏக்கர் உடையவருக்கு மூன்று மைந்தர். ஆளுக்கு மூன்று ஏக்கர். அம்மூவர்க்கும் மும்மூன்று மைந்தர் எனில் பேரன் ஒருவனுக்கு ஒரே ஏக்கர். தினையும் சாமையும் விதைத்துக் குடும்பத்தின் பசியாற்றிய காலத்தில் நிலத்துக்கு விலை என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. மலைப்பாதை வந்தது, மிளகும் காப்பியும் அன்னாசியும் கீழே சந்தைக்கு இறங்கின, மரவள்ளி ஜவ்வரிசி ஆலைகளுக்குச் சென்றது. துண்டு நிலத்துக்கும் மதிப்பு ஏறியது. மதிப்பு ஏறிய நிலத்தில், பங்கு இல்லாதவரின் இழப்பும் ஏறியது.

அந்த இழப்பைத் தாங்குவோர் பெண்கள். களை பறிப்பவர் அவர், அறுப்பவர் அவர், அடுத்த பருவத்துக்குரிய தினை விதையைத் தேர்ந்து, உலர்த்திக் காப்பவரும் அவரே. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைச் சிறுதானியங்களைக் காக்கும் பணியில் இறங்கியபோது பெண்களின் குழுக்களையே பெரிதும் நாடியது. விதை பெண்ணிடம் இருக்கிறது. விதைக்கும் நிலம் ஆணின் பெயரில் இருக்கிறது. கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர் போற்றிய மலையில் இந்நிலை!

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான பங்கை அளித்தது. 1989 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் செய்த திருத்தம் பூர்விகச் சொத்திலும் மகளுக்கு உரிமை தந்தது. அப்போது மணமாகியிருந்த மகளிர்க்கு அது எட்டவில்லை. 2005 ஆம் ஆண்டில் அவ்வுரிமை நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆனால் 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு சிறு வாசகம் உண்டு: நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றி, அட்டவணைப் பழங்குடியினர்க்கு இச்சட்டம் பொருந்தாது. பழங்குடி மரபுகளைக் காக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட வாசகம் அது. நோக்கம் நல்லதே, ஆனால் காக்கப்பட்ட மரபு அண்ணன் தம்பியின் மரபாக முடிந்தது. சமவெளியில் நாமக்கல்லில் ஒரு மகள் பெற்ற உரிமை, மலையின் எழுபது கொண்டைஊசி வளைவுகளையும் ஏறிப் பெரக்கரை நாட்டை அடையவில்லை.

இந்நிலையை நீதிமன்றங்கள் காணாமல் இல்லை. 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இவ்விலக்கை மறு ஆய்வு செய்யுமாறு நடுவண் அரசைக் கேட்டுக்கொண்டது. 2023 ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம், பழங்குடிப் பெண்களுக்கும் குடும்பச் சொத்தில் சமபங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், சத்தீசுகரின் கோண்டு குடும்பமொன்றின் வழக்கில், பெண்ணை விலக்கும் வழக்கம் உண்டு என்பது மெய்ப்பிக்கப்படாதபோது பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று கூறியது. தீர்ப்புகள் வழக்குத் தொடுத்தவர்க்கு உதவும். வழக்காடக் கீழே இறங்கி வர வழிச்செலவும் துணிவும் வேண்டும். தம் அண்ணன் தம்பியர்மீதே வழக்கா என்ற ஊர்ப்பேச்சையும் தாங்க வேண்டும்.

இதற்கிடையில், குடும்பத் தலைவர் இறந்தால் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மைந்தர், மகளிர் எனப் பெயர்கள் அனைத்தும் எழுதப்படுகின்றன. என் மாணவன் எழுதிய கொடிவழியில் இடம்பெறாத பெயர்கள் அத்தாளில் முழுமையாக இருக்கும். அடுத்துப் பட்டாவைப் பெயர் மாற்றும்போது அவற்றுள் எந்தப் பெயர்கள் நிற்கும், எவை விடுபடும் என்பதை அவ்வீட்டு ஆடவரே, இன்றும், தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து முடிவு செய்கின்றனர்.