மூவிராசாக்களும் ஷாவோலின் துறவியும்

மன்னார்ப் பக்கத்தில் நாற்பதைத் தாண்டிய ஆட்களிடம் பழைய குங்ஃபூப் படங்களைப் பற்றிக் கதைத்துப் பாருங்கள். படக்கதையைச் சொல்ல மாட்டார்கள். எழும்பி நின்று கையையும் காலையும் காட்டுவார்கள். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றர் இரைச்சலுக்குள், வாடகைக்கு எடுத்த டெக்கும் ரீவியும் வைத்து, வளவில் பாய் விரித்துப் பார்த்த படங்கள் அவை. அதே ஆட்களிடம் நாட்டுக்கூத்தைப் பற்றிக் கேளுங்கள். 'மூவிராசாக்கள்' கூத்தில் வரும் ஏரோது அரசனின் வரவையும் எழும்பி நின்றுதான் காட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. அதில் கேலி கொஞ்சம், பாசம் நிறைய.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நியாயம் உண்டு. ஹொங்கொங் சண்டைப் படம் சீன மேடையில் வேர் விட்டது. ஜாக்கி சான், சாமோ ஹங், யுவென் பியாவோ மூவரும் யூ ஜிம்-யுவென் என்ற வாத்தியாரின் இசைநாடகப் பள்ளியில் சின்ன வயதிலேயே சேர்ந்து, பாட்டும் குட்டிக்கரணமும் வாளும் தடியும் அடி வாங்கிப் படித்தவர்கள். பாய்ந்து அடித்துவிட்டுச் சிலைபோல நிற்பது, அடிக்குத் தாளம் பார்ப்பது எல்லாம் அந்த மேடையின் சொத்து. நகரத்து விமர்சகருக்கு இது மிகைநடிப்பு. விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவருக்கு இது தெரிந்த ஆட்டம். நம் ஊரில் இந்தப் படங்கள் உடனே ஒட்டிக்கொண்டதற்கு இதுவும் காரணம் என்பேன்.

1978இல் ஷா பிரதர்ஸ் எடுத்த 'ஷாவோலினின் 36ஆவது அறை'யைப் பாருங்கள். லாவ் கார்-லியூங் இயக்கியது. கோர்டன் லியூ துறவியாக வருகிறார். படத்தின் ருசி சண்டையைவிடப் பயிற்சியில்தான். இரண்டு கைகளையும் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். மேற்கையோடு கத்தி கட்டியிருக்கும். கை கொஞ்சம் தாழ்ந்தாலும் விலாவில் குத்தும். ஒட்டுத்தலை, காற்றைக் கிழிக்கும் ஓசை, திடீரென்று முகத்துக்குப் பாயும் கமரா என்று சிரிக்க நிறைய இருந்தாலும், அந்தக் கைகள் நடுங்கும்போது ஒருவரும் சிரிப்பதில்லை.

கூத்தில் கதை வேறு. வெள்ளித்தாள் ஒட்டிய மரவாள்கள் தொட்டும் தொடாமலும் விலகும். மத்தளத்தில் அடி விழுந்தால் எதிரி மேலும் விழுந்ததாக நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே உழைப்பது தொண்டை. அண்ணாவியார் கண்பார்வையில், பிற்பாட்டுக்காரர் விடாமல் துரத்த, அரசன் இரவெல்லாம் சொந்தக் குரலில் பாடியாக வேண்டும். அந்தக் காலத்து ஹொங்கொங் படங்களிலோ பேச்சு முழுக்கப் பிறகு சேர்த்தது; நமக்கு வந்த ஆங்கிலப் பிரதிகளில் வாய் மூடிய பிறகும் வசனம் ஓடும். உடம்பு ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது.

இன்னொரு பெரிய வித்தியாசம். இரவு ஏரோதாக உறுமியவர் அடுத்த நாள் கரைவலை இழுப்பார். பெடியள் அவரை "ஏரோது மாமா" என்றே கூப்பிடுவார்கள். கோர்டன் லியூவை அப்படிக் கூப்பிட வழியில்லை. படத்தின் மீதான ஏக்கம் உண்மையில் நம் பெடியன் பருவத்தின் மீதான ஏக்கம். கசெற்றைப் போட்டால் அரைவாசி தீர்ந்துவிடும். கூத்தின் மீதான ஏக்கம் தீர, பாட ஆள் வேண்டும், பழக்க அண்ணாவியார் வேண்டும், ஊர் வேண்டும். என் கணக்கில் இதுதான் கனமானது.

ஆனால் காப்பாற்றப்பட்டது மற்றது. ஷா பிரதர்ஸின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்களை 2000இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் வாங்கி, கீறல் துடைத்து, நிறம் திருத்தி மறுபடி வெளியிட்டது. நமக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஒருவர் இருந்தார். கூத்துகளில் 'எண்டிறீக்கு எம்பரதோர்' 1964இலும், 'மூவிராசாக்கள்' 1966இலும், 'ஞானசௌந்தரி' 1967இலும் அவர் பதிப்பாக அச்சேறின. அதன் பிறகு போரும் இடப்பெயர்வும் வந்தன. ஓடும்போது கூத்துக் கொப்பியையா தூக்குவது?

அப்படியும் சில வீடுகளில் பெட்டிக்கு அடியில் கொப்பிகள் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால் கறையானுக்கு விடாதீர்கள். ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனத்திடம் கொடுத்துப் படியெடுக்கச் சொல்லுங்கள். மெட்டுத் தெரிந்த கிழவர் யாரும் இருந்தால், முதலில் அவரைப் பாடவைத்துக் கைபேசியில் பதியுங்கள்.