அவரைக் குடும்பம்: நெற்றும் வேர்முடிச்சும்

துவரை, புளி, கருவேல் ஆகிய மூன்றையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பது அவற்றின் காய். பூவிலுள்ள ஒற்றைச் சூலக இலை நீளவாக்கில் மடிந்து, விளிம்பில் விதைகளைத் தாங்கி நெற்றாக முதிர்கிறது. பல இனங்களில் நெற்று காய்ந்ததும் இரு விளிம்பிலும் பிளந்து, முறுக்கிக்கொண்டு, விதைகளைத் தெறிக்கவிடும். விலக்குகளும் உண்டு. புளியும் புங்கங்காயும் தாமாக வெடிப்பதில்லை. நிலக்கடலை பூத்து முடிந்ததும் சூலகத்தின் அடியை விழுதாக நீட்டி மண்ணுக்குள் இறக்கி, அங்கேயே காய்க்கிறது. சுமார் 19,500 சிற்றினங்கள் கொண்ட இக்குடும்பத்தை விடப் பெரியவை பூக்கும் தாவரங்களில் ஆர்க்கிட் குடும்பமும் சூரியகாந்திக் குடும்பமும் மட்டுமே.

குடும்பத்தின் தொடக்கம் டைனோசர்கள் அழிந்த காலத்தை ஒட்டியது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பேரழிவுக்கு ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள் பிற்பட்ட நெற்றுப் புதைபடிவங்கள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோரல் பிளஃப்ஸ் என்னுமிடத்தில் கிடைத்துள்ளன. அதே காலப் படிவுகளில் பாலூட்டிகளின் உடல் பருத்திருப்பதும் தெரிகிறது. புரதம் மிகுந்த விதைகள் இதற்கு உதவியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். கவர்ச்சியான ஊகந்தான், நிறுவப்பட்டதல்ல. குடும்பத்தின் முதன்மைக் கிளைகள் மிகக் குறுகிய காலத்தில் பிரிந்துவிட்டதால், எது எதற்கு நெருக்கம் என்று வரிசைப்படுத்துவது இன்றும் கடினமாகவே உள்ளது.

பூவின் தோற்றத்தை வைத்து மூன்று உட்குடும்பங்களாகப் பிரிப்பதே பாடநூல்களின் நெடுநாள் வழக்கம். கொடி, சிறகு, படகு என இதழ்கள் அமைந்த அவரைப் பூ ஒன்று. கொன்றையின் விரிந்த பூ மற்றொன்று. கருவேலின் மஞ்சள் பந்துபோல் மகரந்தத் தாள்கள் திரண்ட பூ மூன்றாவது. 2017இல் சுமார் 3,700 இனங்களின் மரபணு வரிசையை ஒப்பிட்ட பன்னாட்டு அறிஞர் குழு இதை ஆறாக மாற்றியது. அவரை, உளுந்து, அகத்தி, வேங்கை அடங்கிய பெரும்பிரிவு அப்படியே நின்றது. கருவேல், வாகை, தொட்டாற்சிணுங்கி முதலியவை கொன்றைப் பிரிவுக்குள் ஒரு கிளையாகிவிட்டன. கொன்றையோடு வைக்கப்பட்டிருந்த புளியும் மந்தாரையும் வெவ்வேறு உட்குடும்பங்களுக்குப் போயின. மேற்கு ஆப்பிரிக்கக் கொடி ஒன்று தனியொரு இனமாகவே ஓர் உட்குடும்பம் ஆனது.

இக்குடும்பத்துக்குப் புகழ் தேடித்தந்தது வேர்முடிச்சு. காற்றின் நைட்ரஜன் இம்முடிச்சுகளின் வழியே பயிருக்குக் கிடைப்பதை ஜெர்மானியர்களான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினர். 1888இல் டச்சு அறிஞர் பெய்ஜரிங்க் முடிச்சிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். வேர் கசியவிடும் பொருளை உணர்ந்து, ரைசோபியம் எனப்படும் இந்தப் பாக்டீரியா பதிலுக்கு ஒரு வேதிக்குறிப்பு அனுப்புகிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு, பாக்டீரியாவை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிலக்கடலையில் வழி வேறு: பக்கவேர் முளைக்கும் வெடிப்பில் அது நுழைகிறது. பூக்கும் தறுவாயிலுள்ள தட்டைப்பயற்றுச் செடியைப் பிடுங்கி, மிளகளவு முடிச்சொன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். நம் இரத்தச் சிவப்பணுவின் நிறமிக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெடும், பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். அதை அளந்து கொடுப்பதே இந்நிறமியின் வேலை. உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் முடிச்சு ஓய்ந்துவிட்டது என்று பொருள்.

ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்ற, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16 செலவாகிறது. இந்தச் செலவை எல்லா இனங்களும் ஏற்கவில்லை. முடிச்சு காணப்படுவது அவரைப் பிரிவிலும், கொன்றைப் பிரிவின் ஒரு பகுதியிலும் மட்டுமே. புளி, மந்தாரை, சரக்கொன்றை, ஆவாரை ஆகியவற்றில் கிடையாது. இக்குடும்பத்து மரம் எதை நட்டாலும் மண் வளமாகும் என்ற பரிந்துரை, ஆகவே, பாதி உண்மைதான். சவுக்கு உள்ளிட்ட சில உறவுக் குடும்பங்களிலும் முடிச்சு உண்டு. பொது மூதாதையிடம் இருந்த திறனைப் பல கிளைகள் பின்னர் இழந்தன என்ற கருத்துக்கு 2018இல் வெளியான மரபணு ஒப்பீடுகள் வலுச்சேர்த்தன. யூரியா தாராளமாகக் கிடைக்கும் வயலில் பயறும் முடிச்சைக் குறைத்துக்கொள்ளும். நெல் நடவுக்கு முன் மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிர்களில், நீர் தேங்கிய வயலுக்கு ஏற்றது மணிலா அகத்தி. அதன் தண்டிலும் முடிச்சு விடும்.

முடிச்சற்றவை பின்தங்கிவிட்டன என்று எண்ண வேண்டாம். காங்கோ படுகையில் கில்பெர்ட்டியோடெண்ட்ரான் என்னும் மரம், வேரைப் போர்த்த பூஞ்சைகளின் துணையோடு, பரந்த காடுகளைத் தனியொரு இனமாகவே ஆள்கிறது. அது புளியின் உட்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் கூட்டாளிகள் பாக்டீரியாவும் பூஞ்சையும் மட்டுமல்ல: மத்திய அமெரிக்காவின் மாட்டுக்கொம்பு வேல மரத்தில், உட்குழிந்த முட்களுக்குள் எறும்புகள் குடியிருந்து, மரம் தரும் தேனையும் இலைநுனி உணவையும் உண்டு, மேயவரும் விலங்கைக் கடித்து விரட்டுகின்றன.

இக்குடும்பத்தின் வல்லமை தமிழகத்தில் கசப்பாக உணரப்படுவது சீமைக்கருவேலத்தில். வெப்ப அமெரிக்காவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட இம்மரம், வறண்ட கரம்பிலும் உவர்மண்ணிலும் முடிச்சின் பலத்தில் வளர்கிறது. இராமநாதபுரத்தில் கரிமூட்டத் தொழில் இதை நம்பியிருப்பதும் உண்மை. இனிப்பான நெற்றை ஆடுமாடுகள் தின்கின்றன. கடின உறை கொண்ட விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கிறது. தரையோடு வெட்டினாலும் அடிக்கட்டை மீண்டும் தழைக்கும் என்பதால், தூரோடு பெயர்த்தெடுத்து, புதிதாக முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கினால்தான் நிலம் மீளும்.