காணாமல் போகும் குழந்தைகள்: குடும்ப அடையாளப் பதிவின் தேவையும் எல்லையும்

1986-ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்தின் காண்ட்வாவைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் தன் அண்ணனுடன் புர்ஹான்பூர் ரயில் நிலையத்துக்குப் போனான். நின்றிருந்த ரயிலில் ஏறித் தூங்கிப்போனவன் கடைசியில் வந்து சேர்ந்த இடம் கல்கத்தா. தன் ஊர் ‘கினெஸ்ட்லே’ என்றும், ரயில் ஏறிய இடம் ‘பெராம்பூர்’ என்றும் அவன் சொன்னான். கணேஷ் தலாய் என்ற குடியிருப்பும் புர்ஹான்பூரும்தான் அவன் வாயில் அப்படி வந்தன. கேட்டவர்களால் அவற்றை எந்த ஊரோடும் பொருத்த முடியவில்லை. மறு ஆண்டே அவன் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தத்துப் போனான். சாரு பிரையர்லி என்ற பெயரில் வளர்ந்து, கூகுள் எர்த் படங்களில் ரயில் பாதைகளைத் தொடர்ந்து தேடி, 2012-இல் தன் தாயைக் கண்டார்.

இந்த வரலாற்றைத் தனிமனித விடாமுயற்சியின் கதையாகச் சொல்வதே வழக்கம். ஆவணவியல் நோக்கில் படித்தால் வேறொன்று தெரிகிறது. சிறுவனிடம் தகவல் இருந்தது. தாயிடமும் தகவல் இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்து சேரவில்லை. குடும்ப அடையாளப் பதிவு என்பது தேடலைத் தொடங்கிவைக்கும் கருவி மட்டுமன்று. வேறெங்கோ கண்டெடுக்கப்பட்ட ஒரு குழந்தையை இன்னார் வீட்டுக் குழந்தை என்று நிறுவும் கருவியும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம். முதல் பயனைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை.

நம் வீடுகளில் குழந்தையின் பெயரில் காகிதங்களுக்குக் குறைவில்லை. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டையில் ஒரு வரி, ஆதார் அட்டை எல்லாம் உண்டு. இவை குழந்தைக்கு உரிய சலுகையையும் சேர்க்கையையும் பெற்றுத்தர உருவானவை. ஆதாரிலுள்ள படத்தைத் தவிர, குழந்தை எப்படி இருக்கும் என்பதை இவற்றில் எதுவும் சொல்வதில்லை. விதிவிலக்காக, பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ‘வலது கையில் ஒரு மச்சம்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். வலது கையில் மச்சமுள்ள குழந்தைகள் ஊருக்கு எத்தனையோ பேர். ‘வலது முன்கையின் உட்புறம், மணிக்கட்டுக்கு மூன்று விரற்கடை மேலே, மிளகளவு கறுப்பு மச்சம்’ என்று எழுதினால்தான் அது அடையாளம் ஆகிறது. இடது மேற்கையில் பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பு இருப்பதாக எழுதுவதால் பயன் சிறிதும் இல்லை. நாட்டின் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதே இடத்தில் அதே தழும்பு இருக்கிறது. தையல் போட்ட வடு, தீக்காயம், பிறவித் தடம், ஒட்டிய விரல், தெற்றுப்பல் ஆகியவை மாறாமல் நிற்பவை. முடியின் நீளத்தையும் காதணியையும் நம்ப முடியாது. கடத்துபவர் முதலில் மாற்றுவதே அவற்றைத்தான்.

புகைப்படத்திலும் இதே சிக்கல் உண்டு. பிறந்தநாளன்று பவுடர் பூசி, மை தீட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து எடுத்த படம் அன்புக்குரியதுதான். ஆனால் தெரியாத ஊரில் ஒரு காவலர் கையில் அது அரைப் பயனே தரும். பகல் வெளிச்சத்தில், அலங்காரம் இல்லாமல், நேர்முகமாக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவமாக ஒன்று, அடையாளக் குறிகளை நெருங்கி எடுத்தவை சில, இவ்வளவு போதும். ஐந்து வயதுக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் அதற்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கலாம். குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்தால் அன்றே புதுப் படம் எடுக்க வேண்டும். முன்பல் விழுந்தாலும் கண்ணாடி போட்டாலும் அப்படியே. குழந்தையின் முகம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது தினமும் பார்க்கும் பெற்றோருக்குத் தெரிவதில்லை.

எனினும், எந்தப் படிவத்திலும் இடம்பெறாத ஒரு பகுதியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். அது குழந்தையின் வாய்மொழி. பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டில் அழைக்கும் பெயர் வேறு என்பது நம்மிடையே சாதாரணம். மூன்று வயதுக் குழந்தையிடம் பெயர் கேட்டால் அது பதிவேட்டுப் பெயரைச் சொல்லாது. தாயை என்னவென்று அழைக்கிறது, தன் தெருவை எப்படி உச்சரிக்கிறது, வீட்டருகே எதைக் கண்டு மகிழும், எந்த மொழியில் அழும் என்பவற்றைக் குடும்பம் எழுதிவைத்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சொல்லப்படும் சிதைந்த ஓர் ஊர்ப்பெயருக்கு விளக்கம் கிடைக்கும். பிகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த தொழிலாளியின் குழந்தைக்கும், தமிழகத்திலிருந்து மும்பைக்குப் போன குடும்பத்தின் குழந்தைக்கும் இது கட்டாயத் தேவை. பேச்சு வராத குழந்தைகள், மனவளர்ச்சிக் குறைபாடு அல்லது ஆட்டிசம் உள்ள குழந்தைகள் விஷயத்தில் தேவை இன்னும் கூடுகிறது. எதற்கு அஞ்சும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புமா, நீர்நிலையை நோக்கிப் போகும் இயல்பு உண்டா, என்ன மருந்து தவறக் கூடாது என்ற குறிப்புகள் முதல் மணி நேரத்துத் தேடலின் திசையையே தீர்மானிக்கும்.

கைரேகை, மரபணு ஆகியவற்றைப் பற்றிய நம்பிக்கையைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் மை தடவி எடுக்கும் சிறு குழந்தையின் ரேகை பெரும்பாலும் அப்பிப்போகும். தெளிவாக அமைந்தாலும், காவல் துறையின் ரேகைத் தொகுப்பு குற்ற வழக்குகளை ஒட்டி வளர்ந்தது; காணாமல் போன குழந்தையை அதில் தேட முடியாது. ஆதாரில் ஐந்து வயதுக்குள் கைரேகையும் கருவிழியும் பதிவாவதில்லை, படம் மட்டுமே. ஐந்து வயதில் உயிரளவுப் பதிவைப் புதுப்பித்திருந்தால் ஒரு நன்மை உண்டு: இல்லத்தில் சேர்க்கப்பட்ட குழந்தைக்குப் புதிதாக ஆதார் எடுக்க முயலும்போது பழைய பதிவு குறுக்கிட்டு, சில குழந்தைகள் வீடு திரும்பியிருக்கிறார்கள். அந்தப் புதுப்பித்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மரபணுச் சோதனை முடிவில் வரும் சான்று. 2004 சுனாமியில் இலங்கையின் கல்முனையில் மீட்கப்பட்ட கைக்குழந்தை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட வரிசை எண்ணால் ‘81-ஆம் குழந்தை’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. பலர் உரிமை கோருவதாகச் செய்தி பரவியது. உண்மைப் பெற்றோர் மரபணுச் சோதனை முடிந்து 2005 பிப்ரவரியில்தான் பிள்ளையைப் பெற்றார்கள். பதிவின் ஒரு படியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்துவைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்குக் கல்முனை ஒரு காரணம். வீட்டையே கடல் கொண்டுபோகும்போது அலமாரியிலுள்ள காகிதம் தப்பாது. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பறித்த குழந்தைகளைத் தேடிய பாட்டிமார்களுக்காக 1980-களில் வளர்ந்த அறிவியல் இன்னொன்றையும் காட்டியது: பெற்றோர் உயிரோடு இல்லாதபோதும் தாத்தா பாட்டியின் ரத்தத்தைக் கொண்டு உறவை நிறுவ முடியும். எனவே குழந்தையின் முடியையும் நகத்தையும் சேமிக்கக் கட்டணம் கேட்கும் வணிகப் பொதிகளுக்குப் பெற்றோர் பணம் செலவிட வேண்டியதில்லை. உறவினர் இருக்கும்வரை ஒப்பிடுவதற்கான மாதிரியும் இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் வருவோம். 2013 மே 10 அன்று பச்பன் பசாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குழந்தை காணவில்லை என்ற புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், கடத்தல் என்றே தொடக்கத்தில் கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. நொய்டா அருகே நிதாரியில் ஏழைக் குடும்பங்களின் புகார்கள் அலட்சியப்படுத்தப்பட்டு, 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்த கொடுமைக்குப் பிறகும் இந்த ஆணைக்கு ஆறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. ‘ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்’ என்று சொல்ல எந்தக் காவல் நிலையத்துக்கும் அதிகாரம் இல்லை. அண்மைப் படமும் எழுதப்பட்ட விவரமும் கையில் இருந்தால், அழுதுகொண்டு வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தப் புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். கல்வியறிவில்லாத பெற்றோருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

அதைவிடக் கடுமையான கெடு மறுமுனையில் இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 38-ஆம் பிரிவுப்படி, கைவிடப்பட்டதாக விசாரணையில் முடிவாகும் குழந்தையை, இரண்டு வயது வரை இரண்டு மாதத்திலும், அதற்கு மேல் நான்கு மாதத்திலும் தத்துக்குத் தகுதியானதாகக் குழந்தைகள் நலக் குழு அறிவிக்க வேண்டும். பெற்றோரைத் தேடும் கடமையும் அக்குழுவுக்கு உண்டு. ஒப்பிட எதுவும் இல்லாதபோது அந்தத் தேடல் வெறும் விளம்பரத்தோடு முடிகிறது. சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலி ஆவணங்களோடு வெளிநாட்டுக்குத் தத்துப் போன வழக்கு 2005-இல் வெளிப்பட்டதை நாம் மறந்துவிடக் கூடாது. அங்கே காகிதம் முழுவதும் கடத்தியவர் பக்கமே இருந்தது.

பதிவு குடும்பத்தின் கையில்தான் இருக்க வேண்டும். செயலிகளிலும் தனியார் தளங்களிலும் குழந்தையின் படம், பள்ளி, முகவரி, பழக்கங்கள் அனைத்தையும் ஒருங்கே ஏற்றுவது தேடுபவருக்கு உதவுவதற்கு முன் தீயவருக்கு உதவும். வாட்ஸ்அப்பில் பரப்பிய படத்தைக் குழந்தை கிடைத்த அன்றே திரும்பப் பெறச் சொல்லிச் செய்தி அனுப்புவதும் பெற்றோர் கடமை. பதின்ம வயதினர் விஷயத்தில் நண்பர் பெயர்களும் கைபேசிக் கணக்குகளும் வேண்டும். ஆனால் அவர்களே அறிந்து, உடன்பட்டு எழுதியதாக இருக்கட்டும். வீட்டு வன்முறைக்கு அஞ்சி ஓடிய பிள்ளையை அதே வீட்டுக்குத் திருப்ப இந்தப் பதிவு பயன்படக் கூடாது. அத்தகைய பிள்ளையின் சொல்லை நலக் குழு தனியே கேட்டாக வேண்டும்.

அங்கன்வாடியில் குழந்தையின் எடையை மாதந்தோறும் பார்க்கிறார்கள். பள்ளிகள் ஜூன் மாதம் திறக்கின்றன. இவ்விரண்டு இடங்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு தாளை நிரப்பி, கணினியில் ஏற்றாமல், படத்தோடு தாயின் கையில் கொடுத்துவிட முடியும். எழுதத் தெரியாதவருக்கு ஆசிரியர் எழுதித் தரலாம். சமூக நலத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க வேண்டும். அதுவரை காத்திராமல் வாசகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கும், வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளைக்கும் அந்தத் தாளை இந்த வாரமே எழுதிக் கொடுக்க வேண்டுகிறேன்.