நீர் தந்த நாட்டிய மகளிர்

பண்டசோழநல்லூர் என்னும் ஊர்ப்பெயரைப் பண்டிதசோழநல்லூர் என்பதன் மரூஉவாகக் கொள்ள இடமுண்டு. பண்டித சோழன் என்பது முதலாம் இராசேந்திரனின் விருதுப்பெயர்களுள் ஒன்று. இவ்வாறு மன்னர் பெயர்கள் மண்டிய இவ்வட்டாரத்தில், நீர்வழி ஒன்றன் பெயரை மக்கள் ஆடல்மகள் ஒருத்தியோடு பிணைத்துச் சொல்கின்றனர். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொணர அமைந்த பங்காரு வாய்க்காலே அது.

சிங்காரி, பங்காரி என்னும் தேவரடியார் குலத்து உடன்பிறந்தார் இருவர், வாடிய பயிர் கண்டு பொறாது, தம் பொருளைக் கொண்டு வாய்க்கால் வெட்டுவித்தனர் என்பது செவிவழிச் செய்தி. தெலுங்கில் 'பங்காரு' என்றால் பொன்; பெயரிலிருந்தே கதை பிறந்திருக்கலாம் என ஐயுறுவோரும் உளர். இருக்கட்டும். கதையே ஆயினும், நீர் தந்தவரை அரசராகவோ அமைச்சராகவோ கற்பியாது ஆடல் மகளிராகக் கண்ட உழவர் மனம் நம் கருத்திற்குரியது.

ஆயியின் கதையும் இத்தகையதே. விளக்கொளி மிக்க அவள் மாளிகையைக் கோயிலென எண்ணிக் கிருட்டிணதேவராயர் வணங்கினாராம். தாசி வீடென அறிந்ததும் இடிக்க ஆணையிட்டாராம். அவளோ தானே இடித்து அவ்விடத்தில் குளம் அமைக்க இசைவு பெற்றாள் என்பர். பின்னாளில் முத்திரப்பாளையத்து நீர் புதுவை நகருக்கு வந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் (1852-1870) எழுந்த ஆயி மண்டபம் அவள் பெயரைத் தாங்கி நிற்கிறது. இழிவுபடுத்திய ஆணையையே ஊருக்கு நீராக மாற்றினாள் என்ற அளவில் இக்கதை பங்காரியின் கதையினும் கூர்மையானது.

எனினும் ஒரு குறை நம்மை உறுத்துகிறது. இம்மூவரும் என்ன ஆடினர், என்ன பாடினர் என்பதைக் கதைகள் சொல்லவில்லை. கொடை நின்றது, கலை மறைந்தது.

கலையே நீர்த்துறையாக அமைவதும் உண்டு. மீரட்டில் 1949இல் பிறந்த ஓவியர் நவ்ஜோத் அல்தாப், 1990களின் பிற்பகுதி முதல் பஸ்தரின் கொண்டகாவுனில் சாந்திபாய், ராஜ்குமார் கோர்ராம், கெஸ்ஸூராம் ஆகிய உள்ளூர்க் கலைஞர்களோடு இணைந்து பணியாற்றினார். அடிகுழாயைச் சுற்றிச் சேறு தேங்கிய இடங்களை ஊராரோடு கலந்து பேசிச் செப்பனிட்டு, 'நல்பார்' என்ற பெயரில் சிற்பத் துறைகளாக ஆக்கினர். சிந்தும் நீர் குழியில் இறங்கி மண்ணுக்கே மீள வழி செய்தனர். நிறைகுடத்தைத் தரையிலிருந்து தலைக்கு ஒரே மூச்சில் தூக்கும் பெண்ணின் இடுப்பு வலியை அறிந்து, குடத்தை இடையில் இறக்கி வைக்கச் சுவரிலேயே மேடை அமைத்தனர்.