தாய்ப்பால் மாற்றுகளைச் சந்தைப்படுத்துவதற்கான பன்னாட்டு நெறிமுறை

தாய்ப்பால் மாற்றுகளைச் சந்தைப்படுத்துவதற்கான பன்னாட்டு நெறிமுறை என்பது குழந்தைகளுக்கான பால்மா, பாற்புட்டி, புட்டியின் ரப்பர் காம்பு ஆகியவற்றை நிறுவனங்கள் எவ்வாறு விற்பனைப்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் ஆவணம் ஆகும். உலக சுகாதார அமைப்பின் பேரவை 1981 மே 21 அன்று இதனை ஏற்றுக்கொண்டது. இந்நெறிமுறை பால்மா விற்பனையைத் தடை செய்யவில்லை. விற்கும் முறையையே கட்டுப்படுத்துகின்றது. சந்தைப்படுத்தலின் அறவியல் பற்றிய பாடங்களில் பெரிதும் எடுத்தாளப்படும் நிகழ்வுகளுள் இதன் வரலாறும் ஒன்று.

சிக்கலின் தன்மை

தாய்ப்பால் சுரப்பது குழந்தை பால் குடிப்பதைப் பொறுத்தது. குழந்தை குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறைகின்றது. மகப்பேறு மருத்துவமனையில் இலவசமாகத் தரப்படும் பால்மாவைச் சில நாட்கள் பயன்படுத்தும் தாய்க்குச் சுரப்பு குறையக்கூடும். அதன்பின் அவர் பால்மாவை விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலை ஏற்படுகின்றது. இவ்வாறு இலவச மாதிரி, பொருளை அறிமுகம் செய்வதோடு நில்லாமல் அப்பொருளுக்கான தேவையையும் உருவாக்கி விடுகின்றது.

வறிய குடும்பங்களில் இதன் விளைவு கடுமையானது. பால்மா நெடுநாள் வர வேண்டும் என்பதற்காக அதில் கூடுதலாக நீர் கலக்கப்படும்போது குழந்தைக்கு ஊட்டச்சத்துக் குறைபாடு உண்டாகின்றது. தூய்மையற்ற நீரும் சரியாகக் கழுவப்படாத புட்டியும் வயிற்றுப்போக்கை ஏற்படுத்துகின்றன. தாய்ப்பாலின் வழியாகக் கிடைக்கும் நோய் எதிர்ப்பாற்றலும் அக்குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

வரலாறு

1939இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தை உணவாகப் பரப்புவதைக் கண்டித்து "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் உரையாற்றினார். பின்வந்த பத்தாண்டுகளில் ஆப்பிரிக்க, ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாடுகளில் பால்மா விளம்பரம் பெருகியது. தாதியர் போன்று சீருடை அணிந்த விற்பனைப் பெண்கள் மருத்துவமனைகளில் தாய்மாரைச் சந்தித்தனர்.

1974இல் பிரித்தானிய அமைப்பான வார் ஆன் வான்ட், இந்நடைமுறைகளைக் கண்டித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. சுவிட்சர்லாந்தில் அதன் செருமானிய மொழிபெயர்ப்பு, நெஸ்லே குழந்தைகளைக் கொல்கின்றது என்னும் பொருள்படும் தலைப்புடன் வெளிவந்தது. நெஸ்லே நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976இல் பெர்ன் நகர நீதிமன்றம் வெளியீட்டாளர்களுக்குச் சிறு அபராதம் விதித்தது. எனினும் நிறுவனம் தன் விளம்பர முறைகளை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என நீதிபதி குறிப்பிட்டார்.

1977இல் ஐக்கிய அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1979இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் ஜெனீவாவில் நடத்திய கூட்டம் நெறிமுறைக்கு வழிவகுத்தது. 1981 வாக்கெடுப்பில் 118 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. ஐக்கிய அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. நெறிமுறையைக் கடைப்பிடிக்க நெஸ்லே ஒப்புக்கொண்டதை அடுத்து 1984இல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. 1988இல் மீண்டும் தொடங்கப்பட்டது.

முக்கிய விதிகள்

* பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது.
* தாய்மாருக்கு இலவச மாதிரிகள் வழங்கக் கூடாது.
* நிறுவனத்தின் விற்பனைப் பணியாளர்கள் தாய்மாரை நேரடியாக அணுகக் கூடாது.
* விற்பனையைப் பெருக்கும் நோக்கில் மருத்துவப் பணியாளர்களுக்கு அன்பளிப்பு தரக் கூடாது.
* பால்மா உறையில் குழந்தைப் படமோ புட்டிப்பாலைப் போற்றும் படமோ சொற்களோ இடம்பெறக் கூடாது.
* தாய்ப்பாலே சிறந்தது என்ற குறிப்பு உறையில் இடம்பெற வேண்டும்.

அறவியல் நோக்கு

வாங்குபவர் தன் நலனை அறிந்து தெரிவு செய்கின்றார் என்ற எடுகோளின் மீதே விளம்பரம் பொதுவாக நியாயப்படுத்தப்படுகின்றது. இங்கு அந்த எடுகோள் பொருந்துவதில்லை. பொருளை உண்ணும் குழந்தைக்குத் தெரிவு இல்லை. மகப்பேற்றை அடுத்த நாட்களில் தாய் களைப்பிலும் அச்சத்திலும் இருக்கின்றார். தாதியின் உடையில் வருபவரின் சொல்லை அவர் மருத்துவ அறிவுரையாகவே ஏற்கின்றார். தெரிவு தவறென்று பின்னர் அறிந்தாலும், குறைந்துபோன சுரப்பை மீட்பது எளிதன்று.

இதற்கு மாற்றுக் கருத்துகளும் உண்டு. குழந்தை இறப்புகளுக்கு வறுமையும் தூய்மையற்ற நீருமே காரணம், பால்மா அன்று என நிறுவனங்கள் வாதிட்டன. தாய்ப்பால் கொடுக்க இயலாதவர்களுக்கும், வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கும் பால்மா தேவைப்படுகின்றது என்பதும், தகவல் பெறுவது தாயின் உரிமை என்பதும் பிற வாதங்கள். பொருள் தேவையானது என்பதால் அதனை எவ்வகையிலும் விற்கலாம் என்றாகாது என்பது நெறிமுறையை ஆதரிப்போரின் மறுமொழி ஆகும்.

இந்தியாவில்

பன்னாட்டு நெறிமுறை ஒரு பரிந்துரை மட்டுமே. ஒவ்வொரு நாடும் சட்டம் இயற்றினால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்தியாவில் 1992இல் இயற்றப்பட்ட சட்டம் 1993 ஆகத்து 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் செய்யப்பட்ட திருத்தம் இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளின் விளம்பரத்தையும் தடை செய்தது. மருத்துவர் சங்கங்களின் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் நிதி அளிப்பதையும் அது தடுத்தது. விதிகளை மீறுவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

இன்றைய நிலை

கைக்குழந்தைகளுக்கான பால்மாவை விளம்பரம் செய்ய இயலாத நாடுகளில், அதே பெயரும் ஒத்த உறையும் கொண்ட "வளரும் குழந்தைகளுக்கான பால்" விளம்பரப்படுத்தப்படுகின்றது. 2016இல் வெளியான வழிகாட்டல், மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான பால்களும் தாய்ப்பால் மாற்றுகளே எனத் தெளிவுபடுத்தியது. 2022இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவுகளை வெளியிட்டன. அதில் பங்கேற்ற 8,500 பெற்றோர், கருவுற்ற பெண்கள் ஆகியோருள் 51 விழுக்காட்டினர் பால்மா சந்தைப்படுத்தலுக்கு உள்ளானதாகத் தெரிவித்தனர். சமூக ஊடகங்கள், கைப்பேசிச் செயலிகள், இணைய ஆலோசனைச் சேவைகள் வழியாகவும் நிறுவனங்கள் தாய்மாரை அணுகுவது இவ்வாய்வில் தெரியவந்தது.