விளிம்புப் பிசிறு நீக்கம்

தரம் குறைந்த டிஜிட்டல் வீடியோவில் உருவங்களின் விளிம்புகள் படிக்கட்டுபோல் உடைந்தோ சீப்புப் பல்போல் பிளந்தோ தெரிவதைச் சரிசெய்வது விளிம்புப் பிசிறு நீக்கம் எனப்படும். வீடியோ கேசட், கேம்கார்டர் நாடா, விசிடி, டிவிடி ஆகியவற்றிலிருந்து கணினிக்கு மாற்றிய படங்களில் இக்குறை மிகுதி.

காரணங்கள்

பிசிறுக்கு முதன்மைக் காரணம் இன்டர்லேஸ் முறை. இந்தியாவில் வழங்கிவந்த ‘பால்’ தொலைக்காட்சி முறையில் ஒரு ஃபிரேமில் 625 கோடுகள் உண்டு. அவற்றில் படம் தாங்குபவை 576. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 கோடுகள் ஒரு ஃபீல்டு, மீதி 288 கோடுகள் அடுத்த ஃபீல்டு என நொடிக்கு 50 ஃபீல்டுகள் பதிவாகும். படக்குழாய் டிவியில் இது கண்ணை உறுத்தவில்லை. கணினித் திரை இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டும்போது குட்டு வெளிப்படுகிறது. நொடிக்கு 500 பிக்சல் வேகத்தில் திரையைக் கடக்கும் பேருந்து, இரு ஃபீல்டுகளுக்கு இடைப்பட்ட 1/50 நொடியில் 10 பிக்சல் நகர்ந்துவிடும். அதன் விளிம்பில் ஒன்றுவிட்டு ஒரு கோடு 10 பிக்சல் துருத்தி நிற்கும்; பக்கத்து மின்கம்பத்தில் அந்தப் பிளவு இருக்காது.

அசையாத பொருளிலும் படிக்கட்டு தெரிந்தால் காரணம் வேறு. 352×288 பிக்சல் கொண்ட விசிடி படத்தை, இருக்கும் பிக்சல்களையே திரும்பத் திரும்ப அடுக்கிப் பெரிதாக்கினால் சாய்கோடுகள் உடையும். எம்பெக் சுருக்கத்தில் தரவு போதாமல் போனால் 8×8 பிக்சல் கட்டங்களின் ஓரங்களும் வெளித்தெரியும்.

நீக்கும் முறைகள்

சீப்புப் பிசிறுக்கு மருந்து டீஇன்டர்லேஸ், அதாவது பின்னிக்கிடக்கும் ஃபீல்டுகளைப் பிரித்து முழுப் படமாக்குவது. ஒரு ஃபீல்டை விட்டுவிடுவது எளிய வழி. அதில் செங்குத்து நுணுக்கம் பாதியாகும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருளிலுள்ள ‘யாடிஃப்’ வடிகட்டி, முன்பின் ஃபீல்டுகளையும் விளிம்பின் திசையையும் பார்த்து, விடுபட்ட கோடுகளைக் கணிக்கிறது. ஏவிசிந்த் மென்பொருளின் பயனர்களிடையே பெயர்பெற்ற ‘க்யூடிஜிஎம்சி’ அசைவைப் பின்தொடர்ந்து கணிப்பதால் மெதுவானது, ஆனால் துல்லியமானது. எந்த ஃபீல்டு முந்தியது என்பதைத் தவறாகக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாகத் துள்ளும்.

நொடிக்கு 24 ஃபிரேம் கொண்ட திரைப்படத்தை அமெரிக்காவின் ‘என்டிஎஸ்சி’ முறைக்கு மாற்றும்போது, ஐந்து ஃபிரேமுக்கு இரண்டில் சீப்பு விழும். இதற்கு டீஇன்டர்லேஸ் தேவையில்லை. பிரிந்த ஃபீல்டுகளைப் பழைய ஜோடியாகச் சேர்த்தால் மூலப் படம் அப்படியே கிடைக்கும்.

படிக்கட்டு விளிம்புக்கு ‘பைகியூபிக்’, ‘லான்சோஸ்’ போன்ற அளவு மாற்ற முறைகளும், நரம்பியல் வலையால் விளிம்பை நிரப்பும் ‘என்என்இடிஐ’ வகை வடிகட்டிகளும் பயன்படுகின்றன. கட்டங்களைக் கரைக்கத் தனி வடிகட்டி உண்டு.

வரிசை

டீஇன்டர்லேஸ் முதலில், அளவு மாற்றம் பிறகு. இன்டர்லேஸ் படத்தின் உயரத்தை முன்னதாகவே மாற்றினால் இரு ஃபீல்டுகளின் கோடுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பின்னர் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலில் வேலை செய்வதே வழக்கம்.

வரம்புகள்

வடிகட்டியை அதிகமாகச் செலுத்தினால் பிசிறோடு தோலின் நுண்மையும் துணியின் நெசவும் மறையும். 2014க்குப் பின் பரவிய ஆழ்கற்றல் பெரிதாக்க முறைகள் கூர்மையான விளிம்பைத் தந்தாலும், இல்லாத விவரத்தை ஊகித்தே வரைகின்றன. பேருந்தின் ஓரம் நேராகும். அதன் வழித்தடப் பலகையில் புதிதாகத் தெளிந்த எழுத்து, கேமரா கண்ட எழுத்தாக இருக்க வேண்டியதில்லை.