குயவர் குடிலில் உலை கொதித்த வரலாறு

தைப்பொங்கல் நாளிலே புதுப்பானை வைத்துப் பொங்குவது நம் முன்னோர் வழக்கம். பானையின் கழுத்திலே மஞ்சட் கொத்தும் இஞ்சிக் கொத்தும் கட்டுகின்றோம். பால் எந்தத் திசையிற் பொங்கி வழிகின்றது என்று ஆவலோடு பார்க்கின்றோம். "பொங்கலோ பொங்கல்" என்று ஆர்ப்பரிக்கின்றோம். ஆயின், அப்பானையை வனைந்தவருடைய வீட்டிலே அன்று உலை கொதித்ததா என்று நாம் ஒருமுறையேனும் கேட்டதுண்டா? கேட்டதில்லை என்பதே உண்மை. அக்கேள்வியை இவ்வாண்டு மலரிலே கேட்டு, சரித்திரத்தின் துணைகொண்டு விடை காண முயல்கின்றோம். பெரியோர் பிழை பொறுப்பாராக. இளைஞர் சற்றே பொறுமையோடு வாசிப்பாராக.

குயவர்க்கு நம் சமயமும் தமிழும் அளித்த மதிப்புச் சிறிதன்று. அறுபத்து மூன்று நாயன்மாருள் ஒருவராகிய திருநீலகண்டர் தில்லையிலே வாழ்ந்த குயவர். சிவனடியார்க்கு ஓடு வனைந்து கொடுத்தலையே அவர் தொண்டாகக் கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் பாடினார். அவர் வேறு தொழிலுக்குப் போய்ப் பின்னர்த் தொண்டு செய்தாரல்லர்; தம் தொழிலையே தொண்டாக்கினார். அதற்கும் முன்னே, சங்க காலத்தில், வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் கரிகாலனையே நேர்நின்று பாடினார். அவர் பாட்டுப் புறநானூற்றிலே அறுபத்தாறாவது பாட்டாக இன்றும் நிற்கின்றது. களிமண் பிசைந்த குடியிலே பிறந்தவர் காவலன் முன்னே நெஞ்சு நிமிர்த்தி நின்ற காலம் அது.

ஆயினும் மதிப்பு வேறு, சோறு வேறு. அக்காலத்துக் குயவர் சோற்றுக்கு என்ன செய்தனர்? இதனை ஆராயுமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. அவர்கள் பெரும்பாலும் பானையை விற்றுப் பிழைத்தவர்களல்லர். ஊரோடு கொண்ட உறவினாற் பிழைத்தவர்கள்.

நாம் வாழும் இம்மாத்தளைப் பகுதி கண்டி அரசின்கீழ் இருந்த நிலம். அவ்வரசிலே ஒவ்வொரு தொழிலாளர்க்கும் ஊழியத்துக்கு ஈடாக நிலம் உண்டு. குயவர் குடும்பம் தன் பங்கு வயலை உழுதுண்ணும். அதற்கு ஈடாக அரசர்க்கும், தலைவர்க்கும், தேவாலய விகாரைகளுக்கும் வேண்டிய கலங்களை வனைந்து கொடுக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ களத்துமேட்டிலே நெல் குவியும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலியோரைப்போலக் குயவர்க்கும் ஒரு பங்கு அளந்து வைத்தனர். பானை உடைந்தால் உழவர் வீட்டார் காசின்றியே புதியதொன்று பெறுவர். மழை பொய்த்தால் இருவரும் சேர்ந்தே பட்டினி கிடப்பர். இம்முறையிலே குறைகள் பல உண்டு. பிறப்பே தொழிலைத் தீர்மானித்தது; குயவர் மகன் வேறொன்றை விரும்பினும் வழியில்லை. ஆனால் திகிரியின்முன் அமர்ந்தவர் "நாளைக்கு யார் வாங்குவார்?" என்று கலங்கவேண்டிய நிலை மட்டும் இருக்கவில்லை.

அவ்வுறவு அறுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டிலே. 1832இல் ஆங்கில அரசு இராஜகாரிய முறையை ஒழித்தது. கட்டாய ஊழியம் போனது நன்றே. ஆனால் காசே யாவற்றையும் ஆளும் காலம் அதனோடு பிறந்தது. அதே நூற்றாண்டிலேதான் நம் பாட்டன் பாட்டியர் தமிழகத்து ஊர்களை விட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, தம்புள்ளை நாலந்தை கடந்து, நம் ஊரை ஊடறுத்துச் செல்லும் இதே பாதை வழியாக மாத்தளைக்கு வந்தனர். வழியில் மாண்டோர் எத்தனையோ பேர். களத்துமேடும் பங்கு நெல்லும் அவர்களோடு வரவில்லை. தோட்டத்திலே கூலி உண்டு. கூலிக்குக் கடையிலே சாமான் உண்டு. சாமானை ஆக்கியவர் முகம் மட்டும் தெரியாது.

பின்னர்த் தகரமும், அலுமினியமும், நம் காலத்திலே பிளாஸ்டிக்கும் வந்தன. விழுந்தால் உடையாத குடத்துக்கு எதிரே உடையும் குடம் எவ்வாறு நிற்கும்? பானை உடைவதே குயவர்க்கு வாழ்வாக இருந்தது. உடையாத பாத்திரம் வந்தவுடன் அவர் வாழ்வு உடைந்தது.

இவ்வீழ்ச்சியை முதன்முதலிற் கண்டு உலகுக்கு எடுத்துரைத்தவருள் தலையாயவர் நம்மவரே. 1877இல் கொழும்பிலே, சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகப் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1903இல் கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கையிலே பணியேற்றார். கல்லைத் தேடிக் கண்டி நாட்டு ஊர்களிலே நடந்தவர் கைவினைஞரைக் கண்டார். நெசவாளர், கொல்லர், சித்திரகாரர், குயவர் ஆகியோரின் தொழில்முறைகளையெல்லாம் எழுதித் தொகுத்து, 1908இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இங்கிலாந்திலே தம் இல்லத்துக்கருகே கையச்சு இயந்திரத்திலே அந்நூலை அச்சிட்டமை குறிப்பிடத்தக்கது. கைத்தொழிலைப் போற்றும் நூலைக் கைத்தொழிலாகவே செய்தார்.

நிற்க. பழைய உறவு அறுந்தபின் மண்ணை நம்பி வாழ முற்பட்ட ஒரு புதுவகைக் குயவர் இருபதாம் நூற்றாண்டிலே தோன்றினர். இவர் குலத்தாற் குயவரல்லர், விருப்பத்தாற் குயவர். தாமே வடிவத்தை எண்ணி, தாமே வனைந்து, தாமே சூளையிட்டு, தம் பெயராலேயே விற்பவர். இவரைக் கலைக்குயவர் எனலாம். இங்கிலாந்திலே சென்ற் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில், 1920இல், பேர்னாட் லீச் என்னும் ஆங்கிலேயரும் ஷோஜி ஹமாடா என்னும் ஜப்பானியரும் அமைத்த பட்டறை இத்தகையோர்க்குத் தாய்வீடு போன்றது.

லீச்சின் பெயர் இன்று உலகறிந்தது. ஆனால் தொடக்க ஆண்டுகளிலே அவர் பட்டறை கடனிலே தத்தளித்தது. ஒவ்வொன்றும் தனியழகு வாய்ந்த கலங்களை மட்டும் விற்று ஒரு குடும்பம் வாழ இயலவில்லை. சாந்திநிகேதனத்திலே மகாகவி தாகூரின் கிராமப் பணிக்குத் துணைநின்ற எல்ம்ஹேர்ஸ்ட் என்பாரின் குடும்பம் பொருளுதவி செய்தது. பின்னர் லீச்சின் மகன் டேவிட் தொழில்நுட்பம் பயின்று வந்து, கோப்பை, கிண்ணம், மூடியிட்ட சட்டி என அன்றாடப் புழக்கத்துக்குரிய கலங்களை ஒரே அளவிலே தொடர்ந்து செய்யும் ஒழுங்கை நிறுவினார். அதன் பின்னரே பட்டறை தன் காலில் நின்றது. கலைஞரைக் காப்பாற்றியது காட்சிக்கூடத்துப் பூச்சாடியன்று, காலைக் கஞ்சிக் கிண்ணமே.

இந்தியாவிலே இவ்வழியைத் தொடங்கியவர் சர்தார் குர்சரண் சிங். இவரும் நம் குமாரசுவாமியைப்போல மண்ணியல் கற்றவர். டில்லியிலே அப்துல்லா என்னும் பரம்பரைக் குயவரிடம் தொழில் பழகி, 1919இல் ஜப்பான் சென்று, லீச், ஹமாடா முதலியோருடன் பழகி, 1922இல் திரும்பினார். ஆனால் டில்லியிலே தமக்கென ஒரு பட்டறையை அவர் நிறுவியது 1952இலே. இடையிற் கழிந்தவை முப்பது ஆண்டுகள்! இன்று விதைத்து நாளை அறுக்க விரும்பும் இளைஞர் இம்முப்பது ஆண்டுகளைச் சிந்திப்பாராக.

இனி, தமிழ் மண்ணிலே நடந்ததைச் சொல்வோம். புதுச்சேரியிலே, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் ஆதரவோடு, 1971இல் ஒரு பட்டறை எழுந்தது. கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்பது அதன் பெயர். நிறுவியவர் அமெரிக்கராகிய றே மீக்கரும் டெபோரா சிமித் அம்மையாரும். அம்மையார் ஜப்பானிலே பிசென் என்னும் பழம்பெரும் மட்கல ஊரிலே பயின்றவர்; மீக்கர் கட்டடக் கலையும் மட்கலக் கலையும் கற்றவர். தமிழ்நாட்டிலே குயவர்க்குக் குறைவில்லை. ஐயனார்க்கு ஆளுயரத்தையும் விஞ்சிய மண்குதிரைகளை வனையும் வேளார் வாழும் நாடல்லவா அது? எனின், இவ்விருவரும் கொண்டுவந்த புதுமை யாது?

அது நெருப்பின் புதுமை. நம் ஊர்ச் சூளையிலே வெப்பம் பெரும்பாலும் 900 பாகை செல்சியசைத் தாண்டாது. அதனால் கலத்திலே நுண்துளைகள் இருக்கும். நீர் கசிந்து ஆவியாகும். உள்ளிருக்கும் நீர் குளிரும். தண்ணீர்ப் பானைக்கு அது பெருங்குணம். தேநீர்க் கோப்பைக்கோ குற்றம். புதுச்சேரிப் பட்டறையார் சவுக்கு விறகை எரித்து ஏறத்தாழ 1,300 பாகை வரை சூளையை ஏற்றினர். அவ்வெப்பத்திலே மண் கல்லைப்போல் இறுகும், மேலிட்ட பூச்சு உருகிக் கண்ணாடிபோற் படியும், நீர் கசியாது. நகரத்து வீட்டாரும் விடுதிக்காரரும் நாள்தோறும் புழங்கத்தக்க கலம் பிறந்தது.

அயற்கிராமங்களிலிருந்து தமிழ் ஆண்களும் பெண்களும் அங்கு வேலைக்கு வந்தனர். அவருட் பலர் அதற்குமுன் திகிரியைத் தொட்டறியாதவர். 1980களிலிருந்து மீக்கர் இந்தியாவெங்கிலுமிருந்து வந்த மாணவர்க்கும் கற்பித்தார். கற்றோருட் பலர் அவ்வட்டாரத்திலேயே தத்தம் பட்டறைகளை அமைத்தனர். அப்பாணியைப் பார்த்துச் செய்து மலிவாக விற்றோரும் தோன்றினர். தமக்குப் போட்டியாவோரைத் தாமே உண்டாக்கியது பேதைமை என்று வணிகர் நினைக்கலாம். ஆயினும் நடந்தது யாது? புதுச்சேரி என்றால் மட்கலம் என்று வாங்குவோர் தேடிவரும் நிலை பிறந்தது. ஒரு கடையின் பெயர் ஓர் ஊரின் பெயராயிற்று.

அவர்கள் முயன்றவை யாவும் பலித்தன என்று கூறோம். மண்ணாலே வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கி உள்ளே நெருப்பிட்டுச் சுட்டெடுக்கும் அரிய சோதனையை மீக்கர் 1980களின் நடுவிலே தொடங்கிப் பல ஆண்டுகள் செய்தார். வீடுகள் எழுந்தன, ஆனால் அம்முறை ஏழைகளின் வீட்டுமுறையாகப் பரவவில்லை. எரிபொருட் செலவு பெரிது. கைவினைஞர்க்கு முயற்சியும் வேண்டும், கணக்கும் வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

கணக்கு என்றோம், அதனையும் சொல்லிவிடுவோம். மண், பூச்சு, விறகு, கூலி, வாடகை ஆகியவற்றை மட்டும் கூட்டினால் கலத்தின் விலை வாராது. சூளையிலே வெடித்தவற்றின் செலவையும் வெடியாதவையே சுமக்கவேண்டும். பேரம் பேசுகின்ற நாம் பார்ப்பது கையிலுள்ள ஒரு கோப்பையை. வனைந்தவர் பார்ப்பதோ உடைந்துபோன மற்றக் கோப்பையையும்.

இங்கே நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றைக் கூறாமல் இருத்தல் முறையன்று. கற்ற நகரத்தார் மண்ணைத் தொட்டால் அவரைக் கலைஞர் என்கின்றோம். அவர் கோப்பைக்குக் கேட்ட விலையைக் கொடுக்கின்றோம். வழிவழியாக மண்ணைத் தொட்டவரை மட்டும் பெயர் கேளாமலே, தெருவோரத்திலே நிறுத்தி, பத்து ரூபாவுக்கு வாதாடுகின்றோம். மண் ஒன்றே, திகிரி ஒன்றே, மதிப்பு மட்டும் இரண்டு. திருநீலகண்டரின் குருபூசையிலே கைகூப்பும் நாம், அவர் தொழிலைச் செய்பவரின் பிள்ளை தன் தகப்பன் தொழிலைச் சொல்ல நாணும் நிலையைச் சகித்திருத்தல் தகுமா? அப்பிள்ளை குயவராகத்தான் வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது பழைய விலங்கு. விரும்பினால் ஆகலாம், ஆனால் மானத்தோடு வாழலாம் என்ற நிலையே வேண்டும்.

அத்தகைய நிலை நம் நாட்டிலே இயலாததன்று. நம் அயலூராகிய அலுவிகாரையிலே, ஈனா த சில்வா அம்மையார் கிராமத்துப் பெண்களையும் ஆண்களையும் சேர்த்து, பத்திக் துணி, தையல், பித்தளை, மரவேலை ஆகியவற்றை அவர்க்குச் சீவனோபாயமாக்கினார். 2015இல் அவர் மறைந்தார். அவர் கையாண்டது மண்ணன்று, துணி. ஆனால் வழி ஒன்றே. தாம் அறிந்ததைப் பிறர்க்குக் கற்பித்தார். அவர்தம் கைவேலைக்கு வாங்குவோரைத் தேடித் தந்தார். இன்னும் எளிய சான்று வேண்டுமாயின் கடைத்தெருவிலே தொங்கும் எருமைத் தயிர்ச் சட்டியைப் பாருங்கள். எத்தனை பிளாஸ்டிக் வந்தும் தயிர்க்குச் சட்டியே சிறந்தது என்று மக்கள் உறுதியாக நிற்பதால், இலங்கையிலே குயவர் பலருடைய அடுப்பு இன்னும் எரிகின்றது. சட்டத்தாலன்று, தானத்தாலன்று, வாங்குவோரின் பழக்கத்தாலே.

ஆகவே சரித்திரம் நமக்குக் கூறுவது இதுவே: குயவரை வாழவைத்தது அவர் கைத்திறன் மட்டுமன்று, அவரைச் சூழ்ந்தோர் அவரோடு கொண்ட உறவு. முன்னே அது நிலமாகவும் நெல்லாகவும் இருந்தது. பின்னே புழக்கத்துக்குரிய கலமாகவும், கற்பித்தலாகவும், நியாயமான விலையாகவும் உருமாறியது. உறவு உள்ள இடத்திலே திகிரி சுழன்றது. உறவு அற்ற இடத்திலே நின்றது.

நம் சங்கத்தார் இதிலே செய்யத்தக்கது சிறிது உண்டு. மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகத் தேர்த்திருவிழாவுக்கு ஐந்து தேர்களையும் தரிசிக்கச் செல்கின்றோம். விழாக்காலத்திலே தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றோம். பந்தலிலே நாம் நீட்டியது பிளாஸ்டிக் குவளை; மறுநாள் தெருவோரத்திலே கிடந்ததும் அக்குவளையே. அம்பாளின் அடியார்க்கு மண்பானையிலே நீர் வைத்து, மண்குவளையிலே வார்த்தால் என்ன? கார்த்திகை விளக்கீட்டுக்கு வேண்டிய அகல்களை வனைபவரிடமே நேரிற்சென்று, முன்னதாகவே சொல்லிவைத்து, உரிய விலையிலே வாங்கினால் என்ன? விடுமுறை நாளிலே நம் சிறுவரை ஒரு குயவர் குடிலுக்கு அழைத்துச் சென்று, அவரை ஆசானாக அமர்த்தி, திகிரியைச் சுற்றிப் பார்க்கச் செய்தால் என்ன?

இவை பெருஞ்செயல்களல்ல. ஆயினும் அடுத்த தைப்பொங்கலிலே நம் முற்றத்திற் பால் பொங்கும் அதே வேளையில், அப்பானையை வனைந்தவர் முற்றத்திலும் பால் பொங்குமாயின், பொங்கலோ பொங்கல் என்று நாம் எழுப்பும் குரல் முழுமை பெறும். அதற்கு எல்லாம் வல்ல முத்துமாரியம்மை அருள்புரிவாளாக.